பௌதிகம் புரிந்ததா? அறிவது எப்படி?

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிற்கு அலுவல் காரணமாக நாம் சென்றிருந்தபோது, காலை வெட்டு முடிந்து பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்ற பாட்டாளி ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவ மாணவன். ஆண்டிறுதித் தேர்வில் அறிவியல் பாடத்தில் 78 புள்ளிகள் வாங்கியிருந்தான். விடுமுறையில் தந்தைக்குத் துணையாக வந்த அவன், தோளிலே கம்பைப் போட்டு, இரு முனைகளிலும் பால் வாளிகளை மாட்டித் தூக்கிப் பார்த்தான். ஒரு வாளி நிறைய இருந்தது, மற்றதில் பாதிதான். கம்பு சாய்ந்தது, பால் கொட்டியது. தந்தை கம்பைச் சற்றே நகர்த்தி, கனத்த வாளி தோளுக்கு அருகே வருமாறு வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"நகத்தி வச்சா ஏன் நிக்குதுன்னு கேட்டேங்க ஐயா. தெரியலன்னுட்டான். வீட்டுக்கு வந்து அவன் பொஸ்தகத்தப் பாத்தா, இதே மாதிரி கம்புப் படம் போட்டுக் கணக்குச் செஞ்சு வச்சிருக்கான். வாத்தியாரு சரின்னு கீறியும் இருக்காரு. அப்ப இவனுக்குப் புரிஞ்சிருக்கா, புரியலையா?"

நாம் ஆசிரியர் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவர்கள். ஆயினும் அன்று அந்தப் பாட்டாளிக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவர் கேட்டது சிறு கேள்வியன்று. கணக்குச் சரியாக வருவது ஒன்று. பொருள் புரிவது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து அளப்பது எவ்வாறு என்பதைக் கல்வியாளர்கள் முறையாக ஆராயத் தொடங்கியதே கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்தான். அந்த ஆராய்ச்சியின் பயனைத் தோட்டத்து வீட்டிலும் எவ்வாறு கையாளலாம் என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் அந்தக் கம்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாளியின் எடை 20 கிலோ, மற்றதன் எடை 10 கிலோ, இரண்டுக்கும் இடையே 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பு சாயாமல் நிற்க வேண்டுமானால் தோள் எங்கே இருக்க வேண்டும்? கனத்த வாளியிலிருந்து 50 சென்டிமீட்டர், இலேசான வாளியிலிருந்து 100 சென்டிமீட்டர். 20ஐ 50ஆல் பெருக்கினாலும், 10ஐ 100ஆல் பெருக்கினாலும் வருவது ஆயிரமே. பாட்டாளியின் மகன் இதைப் பிழையின்றிச் செய்துவிடுவான். சூத்திரம் தெரிந்தால் போதும்.

இனி எண்ணே இல்லாத ஒரு கேள்வியை அவனிடம் கேட்டுப் பாருங்கள். கம்பை நகர்த்தி வைத்தபின் அப்பாவின் தோளில் இருக்கும் பாரம் குறைந்ததா, கூடியதா, அப்படியே இருக்கிறதா? கணக்கைச் சரியாகப் போட்ட மாணவர்களில் பலர் இங்கே தடுமாறுவதை நாம் கண்டிருக்கிறோம். "தூக்க எளிதாகிவிட்டதே, ஆகையால் குறைந்திருக்கும்" என்பார்கள். உண்மையில் ஒரு குந்துமணி அளவுகூடக் குறையவில்லை. இரண்டு வாளிகளின் எடை 30 கிலோ; கம்பின் எடையும் அதனோடு சேரும். அத்தனையும் தோளில்தான். நகர்த்தியதால் மாறியது சாய்வே ஒழியப் பாரம் அன்று. நாள்தோறும் சுமப்பவரின் தோளுக்கு இது தெரியும். புத்தகத்தில் படித்தவனுக்குத் தெரியாமல் போவதற்கு என்ன காரணம்?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டினிஸ் ஆகிய இருவரும் 1985ஆம் ஆண்டில் இதுபற்றி இரண்டு கட்டுரைகள் வெளியிட்டனர். முதலாண்டுப் பௌதிக மாணவர்களிடம், பாடம் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும், கணக்கில்லாத எளிய கேள்விகளை அவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பந்து எங்கே விழும், பொருள்மேல் எந்த விசை செயற்படுகிறது என்பன போன்ற கேள்விகளே அவை. ஒரு தவணை முழுவதும் விரிவுரை கேட்ட பின்னரும் மாணவர்களின் அடிப்படைக் கருத்துகளில் ஏற்பட்ட முன்னேற்றம் சிறிதே. ஆசிரியர்களில் ஒருவர் நகைச்சுவையாக நடத்துபவர், ஒருவர் செய்முறை காட்டுபவர், ஒருவர் கணக்கில் வல்லவர் என்று பலவகையினர் இருந்தும், முன்னேற்றம் எல்லா வகுப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்தது. நல்ல பேச்சாளராக இருந்தால் பாடம் தானாகப் பதிந்துவிடும் என்று எண்ணியிருந்த நமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

1992ஆம் ஆண்டில் ஹெஸ்டினிஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹாமர் ஆகிய மூவரும் அத்தேர்வைத் திருத்தி, விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் புதிய தேர்வாக வெளியிட்டனர். மூவருள் வெல்ஸும் ஸ்வாக்ஹாமரும் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அது 30 கேள்விகள் கொண்டது; ஒவ்வொன்றிற்கும் ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். கணக்குப் போட வேண்டியதில்லை. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

"விடையைத் தேர்ந்தெடுப்பது நம் பிள்ளைகளும் செய்வதுதானே" என்று சிலர் கேட்கலாம். வேறுபாடு, பிழையான விடைகள் எங்கிருந்து வந்தன என்பதில் இருக்கிறது. சாதாரணத் தேர்வுத்தாளில் ஆசிரியர் சரியான விடையை எழுதிவிட்டு, மீதியை ஏதோ பொருத்தமாகத் தோன்றும் எண்களால் நிரப்புவார். இந்தத் தேர்விலோ பிழையான விடைகள் மாணவர்களின் வாயிலிருந்தே எடுக்கப்பட்டவை. முதலில் கேள்வியை விடையின்றிக் கொடுத்து, அவர்கள் தம் சொந்த எண்ணத்தில் எழுதியவற்றைத் திரட்டி, அவற்றுள் அடிக்கடி வந்தவற்றையே தேர்வில் வைத்தார்கள். ஆதலால் ஒரு மாணவன் தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால், அவன் என்ன எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதும் உடனே வெளிப்பட்டுவிடும். வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது. மதிப்பெண் போடுவது இதன் முதல் நோக்கமன்று.

புகழ்பெற்ற ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த எரிக் மாசூர் என்பவர், தம் மாணவர்களுக்கு இத்தகைய கேள்விகள் மிக எளியவையாக இருக்கும் என்று எண்ணிக் கொடுத்துப் பார்த்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, இவற்றுக்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, அல்லது நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். அந்த ஒரு கேள்வியே மாசூரின் போதனைமுறையை மாற்றியது. விரிவுரையைக் குறைத்தார், இடையிடையே ஒரு கேள்வியைப் போட்டு, மாணவர்கள் தமக்குள் வாதாடிய பிறகு விடை சொல்லச் செய்தார். 1998ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்துக் காட்டினார். பாடம் தொடங்கும்போது தெரியாதிருந்த பகுதியில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள் சராசரி கால் பங்குக்கும் குறைவாகவே கற்றிருந்தன. பேசியும் செய்தும் வாதாடியும் கற்ற வகுப்புகள் ஏறத்தாழப் பாதியைக் கற்றிருந்தன.

இந்த ஆராய்ச்சியெல்லாம் கடல் கடந்த நாட்டில் நடந்தவை. நம் தோட்டத்தில் கேட்கத்தக்க கேள்விகளுக்கு வருவோம்.

கூரை வேய்பவர் ஒருவர் மேலிருந்து ஒரு முழுச் செங்கல்லையும் ஓர் அரைச் செங்கல்லையும் ஒரே நேரத்தில் கைவிடுகிறார். எது முதலில் தரையைத் தொடும்? முழுச் செங்கல் என்பதே பெரும்பாலோர் விடை. இரு மடங்கு கனம், ஆகையால் இரு மடங்கு விரைவு என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் விழும் என்பதே உண்மை. இதை மனனம் செய்தவனும் சரியாகச் சொல்லிவிடுவான் என்பதால், அடுத்த கேள்வி தேவைப்படுகிறது. முழுச் செங்கல் என்பது அரைச் செங்கல் இரண்டு ஒட்டியிருப்பதுதானே. இரண்டு அரைச் செங்கற்களைத் தனித்தனியே பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சேர்ந்து விழுகின்றன. அவற்றுக்கிடையே சிறிது சாந்து பூசி ஒட்டிவிட்டால் மட்டும் திடீரென்று விரைந்து விழுமா? இவ்வாறு கேட்டவுடன் பிள்ளையின் முகத்தில் ஒரு மாற்றம் தோன்றும். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், கனத்த கல்லையும் இலேசான கல்லையும் சேர்த்துக் கட்டினால் என்னவாகும் என்று இதே போக்கில்தான் வாதிட்டார். காற்றுத் தடை வேறு கதை. ரப்பர் இலையும் செங்கல்லும் ஒன்றாக விழா. அந்த வேறுபாட்டைப் பிள்ளை தானாகவே எடுத்துச் சொன்னால், அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று நீங்கள் துணியலாம்.

அடுத்தது தோட்டத்துத் திடலில் நடப்பது. ஒருவர் பந்தை ஓங்கி உதைக்கிறார். பந்து காலை விட்டு நீங்கி, வானில் உயர்ந்து சென்றுகொண்டிருக்கிறது. அந்நேரத்தில் பந்தின்மேல் செயற்படும் விசைகள் யாவை? "உதைத்த விசை பந்துக்குள்ளே இருக்கிறது; அது தீரத்தீரப் பந்து கீழே இறங்கும்" என்பது நாம் மிகுதியும் கேட்ட விடை. 1982ஆம் ஆண்டில் ஜான் கிளெமென்ட் என்ற ஆராய்ச்சியாளர், மேலே சுண்டிவிட்ட காசைப் பற்றி இதே போன்ற கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டபோது, அவர்களிலும் பெரும்பாலோர் காசை மேல்நோக்கித் தள்ளும் விசை ஒன்று இருப்பதாகவே அம்புக்குறி வரைந்தனர். உண்மையில் காலை விட்டு நீங்கிய கணமே உதை முடிந்துவிட்டது. பிறகு பந்தின்மேல் இருப்பவை பூமியின் ஈர்ப்பும் காற்றின் தடையுமே. பந்து தொடர்ந்து மேலே செல்வதற்கு எந்த விசையும் வேண்டியதில்லை. அது பெற்ற வேகத்தோடு செல்கிறது, ஈர்ப்பு அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பின்பு கீழே இழுத்துவிடுகிறது. மிக உயர்ந்த இடத்தில் ஒரு கணம் மேலும் கீழும் போகாதிருக்கும்போதும் ஈர்ப்பு விசை குறைவதில்லை.

இவ்வாறு பிழையாகச் சொல்லும் பிள்ளையை மட்டமாக எண்ண வேண்டா. எறிந்த பொருளுக்குள் ஓர் உந்துதல் புகுந்து தங்கியிருக்கிறது என்பது 14ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துப் பேரறிஞர் பூரிடன் கொண்ட கொள்கை. அதற்கும் முன்னே 6ஆம் நூற்றாண்டில் பிலோபோனஸ் இதையொத்த கருத்தைக் கூறினார். இக்கொள்கையைக் கடந்துவர உலகம் கலிலியோவுக்கும், 1687ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்ட நியூட்டனுக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு தவணைக்குள் அதைக் கடந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்!

லாரியும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டால் எது எதை மிகுந்த விசையோடு தாக்கும் என்று கேட்டால், லாரி என்பார்கள். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமான எதிர்த்தாக்கம் உண்டு என்று ஒப்பிக்கும் பிள்ளையும் அவ்வாறே சொல்லும். இரண்டு விசைகளும் சமம். மோட்டார் சைக்கிள் இலேசானது, அதனால் அதற்கு ஏற்படும் மாற்றம் பெரிது. சைக்கிளில் நேராகச் சென்றுகொண்டிருப்பவர் கையிலிருந்து ஒரு ரப்பர் கொட்டையை நழுவவிட்டால் அது எங்கே விழும் என்பதும் நல்ல கேள்வி. கைவிட்ட இடத்திற்கு நேர் கீழே என்பது பிழை. கொட்டையும் சைக்கிளின் வேகத்தோடு முன்னோக்கிச் சென்றுகொண்டே விழுகிறது. சாலை ஓரத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னால் வழக்குத் தீர்ந்துவிடும்.

பிள்ளைகளின் தடுமாற்றத்துக்குச் சொற்களும் ஒரு காரணம். பள்ளியில் அவர்கள் மலாய் மொழியில் அறிவியல் படிக்கிறார்கள். 'டாயா' என்றால் விசை. 'ஜிசிம்' என்றால் பொருண்மை. 'கெதும்பாத்தான்' என்றால் அடர்த்தி. வீட்டிலோ விசை, சக்தி, பலம், வேகம் ஆகிய நான்கையும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பேசுகிறோம். "பலமாக உதைத்தான்", "வேகமாக அடித்தான்", "அவனுக்குச் சக்தி அதிகம்" என்று நாம் சொல்வதில் பிழையொன்றுமில்லை. அன்றாடப் பேச்சுக்கு அது போதும். பௌதிகம் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி வேலை கொடுத்து வைத்திருக்கிறது. ஆகவே பிள்ளை மலாய்ச் சொல் ஒன்றைச் சொன்னால், "அதைச் சொல்லாமல் நடப்பதை மட்டும் சொல்" என்று கேளுங்கள். சொல்லை எடுத்துவிட்ட பின்னும் விளக்கம் எஞ்சி நின்றால் அது அவனுடையது.

சொல்லால் விளைந்த பிழை ஒன்றை நாமே செய்தோம். அதை மறைப்பதற்கில்லை.

ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி வந்தோம். போதனை தமிழில்தான். அடர்த்திப் பாடம் முடிந்ததும் ஒரு சிறு தேர்வு வைத்தோம். அதில் ஒரு கேள்வி: பாலில் ஒரு மிதவை மிதக்கிறது, அந்தப் பாலில் தண்ணீரைக் கலந்தால் மிதவை இன்னும் ஆழமாக அமிழுமா, மேலே எழும்புமா? நாம் எண்ணியிருந்தது பசும்பால். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிராம். பசும்பாலின் எடையோ ஏறக்குறைய 1,030 கிராம். தண்ணீர் சேரச்சேரப் பாலின் அடர்த்தி குறையும்; மிதவை ஆழ அமிழும். பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்பதைப் பால்மானி காட்டிக்கொடுப்பது இவ்வாறுதான்.

மாணவர்கள் அனைவரும் அமிழும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழும்பும் என்று எழுதினாள். நாம் சிவப்பு மையால் கீறினோம். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, "எல்லோருக்கும் தெரிந்தது உனக்கு மட்டும் தெரியவில்லையே" என்று ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தோம். அவள் எழுந்து நின்றாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் வகுப்பில் அவள் கை உயர்ந்ததாக நமக்கு நினைவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு நண்பகலில் அத்தோட்டத்தின் பால் ஸ்டோரில் கிராணியோடு பேசிக்கொண்டிருந்தோம். மழைநீர் புகுந்த ஒரு வாளிப் பாலில் அவர் மெட்ரோலாக்கை இறக்கினார். அது மற்ற வாளிகளில் நின்றதைவிட உயர்ந்து நின்றது. "தண்ணி சேந்துடுச்சு, பாருங்க எப்படித் தூக்கி நிக்குதுன்னு" என்றார் அவர். நமக்கு அந்த மாணவியின் தாள் நினைவுக்கு வந்தது.

ரப்பர் பாலின் இயல்பு பசும்பாலுக்கு நேர்மாறானது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறத்தாழ 0.92 பங்கு. மரத்திலிருந்து இறங்கிய பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 வரை காய்ந்த ரப்பர் இருக்கும். ஆகவே அத்தகைய பாலின் ஒரு லிட்டர் எடை 970 முதல் 980 கிராம் வரைதான், தண்ணீரைவிடக் குறைவு. ரப்பர் மிகுந்த பாலில் மெட்ரோலாக் ஆழ அமிழும். தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை நோக்கி உயரும், மெட்ரோலாக்கும் உயரும். தண்ணீர் சேர்ப்பதால் வாளி நிறையுமே அன்றிக் கணக்கில் ரப்பர் கூடாது என்பதை அக்கருவி சொல்லிவிடும். அளக்குமுன் பாலில் குறித்த அளவு தண்ணீரைக் கலந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. தடித்த பாலில் மிதவை தாராளமாக அசையாது என்பதே அதற்குக் காரணம். அவ்வாறு கலந்த தண்ணீருக்குக் கணக்கில் ஈடு செய்துவிடுவார்கள்.

தமிழில் இரண்டுமே பால். வெள்ளை நிறமும் ஒன்றே. அந்த மாணவியின் தந்தை வெட்டுத் தொழிலாளி. அவள் வீட்டில் பால் என்றால் எந்தப் பால் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்ததை எழுதிய மற்றவர்களைவிட, கண்ணால் கண்டதிலிருந்து எழுதிய அவளுக்கே அடர்த்தி புரிந்திருந்தது என்று இன்று நினைக்கிறோம். அவளிடம் அதைச் சொல்லி, கீறியதை அழித்துப் புள்ளி போட வேண்டுமென்று அடுத்த வகுப்புக்கு ஆவலோடு சென்றோம். அவள் குடும்பம் அதற்குள் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டிருந்தது.

அன்று முதல் எந்த விடையையும் "ஏன்?" என்று கேட்காமல் கீறுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். சரியான விடைக்கும் அது பொருந்தும். தவறான காரணத்தால் சரியான விடைக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

நம் நாட்டுத் தேர்வுகளும் இத்திசையை அறியாதவை அல்ல. கீழ்ப்படிவங்களில் பௌதிகம் அறிவியல் பாடத்துக்குள்ளே அடங்கியிருக்கிறது. நான்காம் படிவத்தில்தான் அது தனிப்பாடமாகிறது. மூன்றாம் படிவத்துக்குரிய பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறையில் ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டுக்கு முன்னிலும் பெரிய பங்கு வந்திருக்கிறது. பல நாடுகள் கலந்துகொள்ளும் டிம்ஸ் என்ற ஆய்வில் மலேசியா 1999ஆம் ஆண்டு முதல் சேர்ந்தது. இரண்டாம் படிவ மாணவர்களே அதை எழுதுகிறார்கள். அறிவியலில் நம் மாணவர்களின் சராசரி 2003ஆம் ஆண்டில் 510ஆக இருந்தது, 2011ஆம் ஆண்டில் 426ஆக இறங்கி, 2019ஆம் ஆண்டில் 460ஆக நின்றது. அளவுகோலின் நடுப்புள்ளி 500. அவ்வாய்வின் கேள்விகள் அறிந்திருத்தல், பயன்படுத்தல், காரணம் காணல் என்று மூவகையாக வகுக்கப்பட்டவை. மனனம் முதல் வகைக்கு ஓரளவு கைகொடுக்கும். பிந்திய இரண்டுக்கும் கைகொடுக்காது.

இதனால் சூத்திரமும் கணக்கும் வேண்டா என்று யாரும் கொள்ளலாகாது. எஸ்.பி.எம். தேர்வில் கணக்கு உண்டு; மேற்படிப்புக்கும் அது இன்றியமையாதது. அறிவியல் பிரிவில் சேர்ந்துவிட்டு, நான்காம் படிவத்தின் நடுவிலே "எனக்கு இது வராது" என்று பின்வாங்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை நாம் அறிவோம். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கீழ்ப்படிவங்களில் புரியாமலே நல்ல புள்ளி வாங்கி வந்தவர்கள். புரியவில்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. மூன்றாம் படிவம் முடியுமுன் அதைக் கண்டுகொண்டால் ஆசிரியரிடம் சென்று கேட்கக் காலம் இருக்கும்.

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் எப்படிச் சோதிக்க முடியும்" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. சோதிப்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் "புரிந்தது" என்றுதான் சொல்லும். கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, "இப்படிச் செய்தால் என்ன நடக்கும்? செய்யுமுன் சொல்" என்று கேளுங்கள். சொன்ன பிறகு, ஏன் என்று கேளுங்கள். பிறகு செய்து பாருங்கள். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்றாக இருந்தால் சிரிக்காதீர்கள். அண்ணன் தம்பிகளைச் சிரிக்கவும் விடாதீர்கள். உங்கள் கணிப்பையும் முதலிலேயே சொல்லி வையுங்கள். அப்பாவின் கணிப்பும் பிழையாகிப் போனால் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். எவருக்கும் காரணம் விளங்கவில்லையென்றால் கேள்வியை ஒரு தாளில் எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். அத்தகைய கேள்வியோடு வரும் மாணவனை விரும்பாத ஆசிரியரை நாம் கண்டதில்லை.

நம்மிடம் கேள்வி கேட்ட பேராக் பாட்டாளிக்கு, அடுத்த முறை சென்றபோது தோள்பாரக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தோம். அவர் அதைத் தம் மகனிடம் கேட்டிருக்கிறார். பையன் குறையும் என்றானாம். பிறகு வீட்டிலிருந்த தொங்கு தராசில் ஒரு கம்பைக் கட்டி, இரு முனையிலும் மணல் டின்களை மாட்டி, கட்டும் இடத்தை நகர்த்தி நகர்த்தித் தானே பார்த்தானாம். முள் அசையவில்லை. "நாலு நாளா டின்னு எல்லாம் அவங்கிட்டதாங்க" என்று தந்தை குறைபட்டுக்கொண்டார்.

வாசகர்கள் இன்றிரவே கேட்டுப் பார்க்க ஒரு கேள்வி. ஒரு பேசினில் பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். அதிலே ஒரு சிறு கிண்ணத்தை மிதக்கவிட்டு, கிண்ணத்துக்குள் ஒரு கருங்கல்லை வையுங்கள். கிண்ணம் முழுகக் கூடாது. பேசினின் உட்புறத்தில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை ஒரு கோடாகக் கீறிக்கொள்ளுங்கள். இப்போது அந்தக் கல்லைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் போட்டால், மட்டம் கோட்டுக்கு மேலே போகுமா, கீழே இறங்குமா, கோட்டிலேயே நிற்குமா? வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தத்தம் விடையையும் காரணத்தையும் சொல்லட்டும். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு கல்லை எடுத்துப் போடுங்கள்.